தேன்கனிக்கோட்டைக்குக் குடிவந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

குழு உறவுகளுக்கு வணக்கம். பெங்களூரில் 11 வருட வாடகை வாழ்க்கை போதும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையில் வீடு பார்க்கிறோம். கணவர் வாரத்தில் 2 நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓட்டு வீடு பார்த்தோம். பின்கட்டில் துவைகல், பக்கத்தில் முருங்கை. சாவியை இடுப்பில் செருகியிருந்த வீட்டுக்கார அம்மா தமிழில் தொடங்கி, தெலுங்குக்குப் போய்த் திரும்பி வந்து கேட்டார்: "எங்கள் பிள்ளைகள் பிழைப்புக்கு அங்கே போகிறார்கள். நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள்?" நல்ல காற்று என்றார் கணவர். அம்மா சிரித்துவிட்டார். வாடகை மிச்சமா, மாமியாரின் மூச்சிரைப்பா, எங்கள் அலுப்பா? எனக்கே தெளிவாக இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். நகரத்தை விட்டு வந்தவர்களே, எதற்காக வந்தீர்கள்? அந்தக் காரணம் இன்னும் நிற்கிறதா?

முக்கியமாகத் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? அந்தக் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? போர்வெல் தண்ணீரில் சமைக்கிறீர்களா?

ராகி முற்றும் பருவத்தில் யானைகள் வயலில் இறங்குமே, ஊர் ஓரத்து வீட்டுக்கு இரவில் ஸ்கூட்டரில் வரலாமா? 4-ஆம் வகுப்பு வரை கன்னடம் படித்த மகள் தமிழில் தேறிவிடுவாளா?

"அருமையான ஊர்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதைத் தரகரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.