கல்லூரி லெஃப்ட் கார்னர் ஒருவன் ப்ரோ கபடிக்குத் தேறுவானா? எதை வைத்துப் பார்ப்பது?

பாலக்கோட்டான்:
வணக்கம். என் சித்தப்பா மகன் தர்மபுரியில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறான், ஆடுவது லெஃப்ட் கார்னர், அதாவது பிடிக்கும் வரிசையின் இடது ஓரம். பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடுகிறான், பொங்கல், திருவிழா என்றால் பென்னாகரம், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று எந்த அணியாவது கூட்டிக்கொண்டு போய்விடும். கணுக்கால் பிடியில் கெட்டிக்காரன். அவன் போட்ட பிடிகளை மட்டும் வெட்டி நண்பர்கள் ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு ஊரில் எல்லோரும் அடுத்த வருஷம் ப்ரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணிதான் என்கிறார்கள். சித்தப்பா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்கிறார். 2017ல் தலைவாஸ் வந்ததிலிருந்து நான் ஒரு சீசன் விடாமல் பார்க்கிறேன், ஆனால் டிவியில் பார்த்து ரசிப்பது வேறு, நம் வீட்டுப் பையனை எடை போடுவது வேறு. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை 70ஐ ஒட்டி. ஒரு கார்னரிடம் என்ன பார்ப்பார்கள்? ஆடியவர்கள் நேராகச் சொல்லுங்கள், ஆறுதல் வேண்டாம்.

ஊத்தங்கரை ரைட் கார்னர்:
அண்ணா, முதலில் ரீல்ஸை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பாதியும் சேர்த்து 40 நிமிடம் முழுசாக ஓடும் ஒரு ஆட்டத்தின் வீடியோவை எடுங்கள். அதில் எதிரணி ரெய்டர் பாடி வரும் ரெய்டுகளில் அவன் பிடித்தவற்றை விடுங்கள், பிடிக்காத ரெய்டுகளில் என்ன செய்தான் என்று பாருங்கள். நான் பல்கலைக்கழக அணியில் ரைட் கார்னர் ஆடியவன், தேர்வுக்கு வருகிறவர்கள் இதைத்தான் பார்த்தார்கள்.

காரணம் சொல்கிறேன். ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர், அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரை மிச்சம் இருப்பது 1.75 மீட்டர்தான். கார்னரின் வாழ்க்கை முழுக்க அந்த இடத்தில்தான். ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருந்தால் ரெய்டர் போனஸ் என்கிற கூடுதல் புள்ளிக்குக் கால் நீட்டுவான், ஒரு கால் கோட்டைத் தாண்டும்போது மற்ற கால் காற்றில் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த நொடியில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான், கார்னருக்குக் கணுக்கால் கிடைக்கிறது. கல்லூரி அளவில் நிறைய ரெய்டர்கள் அந்தக் காலை நிஜமாகவே வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் உங்கள் தம்பிக்கு இவ்வளவு பிடி விழுகிறது. மேல் மட்டத்தில் ஆடுகிறவன் காலைக் காட்டுவான், வைக்க மாட்டான். கார்னர் குனிந்தவுடன் முதுகில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அப்படிப் பொய்க் காலுக்கு உங்கள் தம்பி எத்தனை முறை விழுந்தான் என்று எண்ணுங்கள்.

பிடி தவறினால் எதிரணிக்குப் புள்ளி, பிடிக்கப் போனவன் வெளியே, அந்தப் பக்கக் கார்னரில் வேறு ஒருவன் வந்து நிற்க வேண்டும். பிடித்தால் நமக்கு ஒரு புள்ளி, வெளியே இருந்த நம் ஆள் ஒருவன் உள்ளே. அதனால் ஐந்து பிடி போட்ட பையன் அதே ஆட்டத்தில் ஏழு முறை தவறவிட்டிருந்தால் அணிக்கு அவன் நஷ்டம்தான், ரீல்ஸில் அந்த ஏழும் வராது. ஈரான் வீரர் ஷாத்லூயி முன்னால் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்துவிட்டு இப்போது எல்லாப் பையன்களும் நேரத்துக்கு முன்னாலேயே பாய்கிறார்கள், அவருடைய உடம்பும் வேகமும் இருந்தால்தான் அது நடக்கும். பாசெல் அத்ராசலியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிகேஎல் என்கிற ப்ரோ கபடி லீக்கில் 500 பிடிப் புள்ளிகளைக் கடந்த லெஃப்ட் கார்னர், ரெய்டர் வந்து மாட்டும்வரை காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

இன்னொன்று, கார்னர் தனியாக யாரையும் நிறுத்துவதில்லை. காலைப் பிடித்த பிறகு பக்கத்தில் ‘இன்’ இடத்தில் நிற்பவனும், அவனுக்கு உள்ளே ‘கவர்’ இடத்தில் நிற்பவனும் அரை நொடிக்குள் மேலே விழ வேண்டும். கல்லூரி அணியில் பல மாதம் கூடவே ஆடியவர்கள் இவன் எப்போது போவான் என்று கண்ணைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். தேர்வில் முன்பின் தெரியாத ஆறு பேரோடு நிறுத்துவார்கள். அங்கே குரல் கொடுத்து ஆடுகிறானா, வாயை மூடிக்கொண்டு தனியாகப் பாய்கிறானா என்பது பெரிய விஷயம்.

காவேரிப்பட்டணம் மண்தரை:
ஊத்தங்கரைத் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நான் பல வருஷமாக அணி வைத்து நடத்துகிறேன். பிகேஎல்லில் எடை வரம்பு 85 கிலோ. 80ஐத் தாண்டிய ரெய்டர் ஒருவன் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பி ஓடும்போது 70 கிலோ பையன் காலைக் கட்டிக்கொண்டால், கவர் வருவதற்குள் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுவிடுவான். நம்ம பக்கம் எடை வைத்து நடத்தும் போட்டிகளில் இவன் பெரிய ஆளாகத் தெரிவான், அதை நம்பக் கூடாது. எடை வரம்பு இல்லாத ஓபன் போட்டியில் எப்படி ஆடினான் என்று கேளுங்கள்.

அப்புறம் மேட், பெரிய போட்டிகளில் களத்தில் போடும் விரிப்பு. நம்ம பையன்கள் பெரும்பாலும் மண்ணில் வெறுங்காலோடு லைட் வெளிச்சத்தில் ஆடி வளர்ந்தவர்கள். மேட்டில் எல்லோரும் ஷூ போட்டிருப்பார்கள், ரெய்டர் திரும்பும் வேகமே வேறு, பிடி ஷூ மேல் விழுந்தால் கை வழுக்கும், அதற்கு மேலே பிடிக்கப் பழக வேண்டும். மண்ணில் பிடித்த பிடியை மட்டும் வைத்து யாரும் ஆளை எடுப்பதில்லை. களத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் பட்டையான லாபியையும் பாருங்கள். ரெய்டரைத் தொடுவதற்கு முன் கார்னர் லாபிக்குள் கால் வைத்தால் அவனே அவுட், அவசரக்காரக் கார்னர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது.

ஊத்தங்கரை ரைட் கார்னர்:
எடை முக்கியம்தான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் எடையை ஏற்றிவிடலாம், காத்திருக்கும் புத்தியை இருபத்தொரு வயதுக்கு மேல் ஏற்றுவது கஷ்டம். நம்ம சேரலாதன் அண்ணன் நாற்பது வயதைத் தாண்டி ரைட் கார்னர் ஆடினார், 2016ல் பிகேஎல் நான்காவது சீசனில் பாட்னா அணி கோப்பை வாங்கியபோது அவர்தான் கேப்டன். அந்த வயதில் இருபது வயது ரெய்டர்களின் காலைப் பிடித்தார் என்றால் அது வேகத்தால் இல்லை.

அரூர் பி.இ.டி.:
நான் விளையாட்டு ஆசிரியை, பெண்கள் அணியில் கவர் ஆடியவள். பாலக்கோட்டுத் தம்பிக்கு வழியைச் சொல்கிறேன். கல்லூரிப் போட்டி மட்டும் போதாது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துத் தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும், அங்கே ஜெயித்து அகில இந்தியப் போட்டிக்குப் போனால் பார்க்க ஆள் இருப்பார்கள். மாவட்டத் தேர்வு, மாநில அணி, தேசியப் போட்டி என்பது இன்னொரு வழி. 2022ல் தொடங்கிய யுவா கபடி சீரிஸில் பழனி டஸ்கர்ஸ், சோழா வீரன்ஸ் மாதிரி அணிகளில் இளம் வீரர்கள் ஆடினார்கள், அங்கிருந்து பிகேஎல் போனவர்களும் உண்டு. நியூ யங் பிளேயர் என்று அணிகளே புதுப் பையன்களை எடுக்கும் வழியும் இருக்கிறது.

பணத்தையும் சித்தப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள். 2023, 2024 ஏலங்களில் டி பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம், ஏ பிரிவு 30 லட்சம். யாரும் எடுக்காமல் போகிறவர்கள் பட்டியல் நீளமானது, எடுத்தாலும் அடுத்த வருஷம் உறுதி கிடையாது. அதனால் கபடியை விடச் சொல்லவில்லை, தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, தேசிய அளவிலான சான்றிதழ் அங்கே கை கொடுக்கும். டிகிரியை முடிக்காமல் விடக் கூடாது.

மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? கார்னர் நாள் முழுக்கக் குனிந்து பாய்ந்து விழுகிறவன், முழங்காலும் தோளும்தான் முதலில் போகும். எங்கள் மாணவர்கள் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவார்கள், தேர்வுக்குப் போவதற்கு முன் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவனையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன பொய்க் காலுக்கு முதல் பாதியில் திரும்பத் திரும்ப விழுகிறான், அவனுக்கே முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இரண்டு ரெய்டு காலியாகப் போய் மூன்றாவதாக, புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டரே அவுட் ஆகும் டூ ஆர் டை ரெய்டு வரும்போது வேறு பையன் மாதிரி நிற்கிறான், அசையவே இல்லை, ரெய்டர் வந்தே ஆக வேண்டும் என்று தெரிந்து காத்திருந்து பிடிக்கிறான். மூன்று பேர் மட்டும் இருந்தபோது போட்ட, கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிளும் அப்படித்தான். இது நல்ல அடையாளமா? முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது என்று அப்புறம்தான் வாயைத் திறந்தான் அக்கா, திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறோம்.

ஊத்தங்கரை ரைட் கார்னர்:
ரொம்ப நல்ல அடையாளம் அண்ணா. காத்திருக்கத் தெரியாதவன் டூ ஆர் டையிலும் பாய்வான். இவனுக்குத் தெரிகிறது, ஏழு பேர் நிற்கும்போது கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் போகிறான், அவ்வளவுதான். முழங்கால் சரியானதும் பயிற்சியில் முதல் இருபது நொடி கையை நீட்டக் கூடாது என்று சொல்லி ஆட விடுங்கள், ரெய்டு மொத்தமே 30 நொடிதான், கடைசிப் பத்து நொடியில் ரெய்டர் தானாக அவசரப்படுவான். மேட் பயிற்சிக்கு அவனை ஊத்தங்கரைக்கு அனுப்புங்கள், நாங்கள் சனி, ஞாயிறு ஆடுகிறோம், 80 கிலோ ரெய்டர்கள் இருக்கிறார்கள். தங்க இடம் இருக்கிறது, களியும் கோழிக்குழம்பும் எங்கள் வீட்டில்.

காவேரிப்பட்டணம் மண்தரை:
அப்படியே இந்தப் பக்கமும் ஒரு நாள் அனுப்புங்கள். நான் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு எடை பற்றிச் சொல்கிறேன்.