டி.பி.எஃப். விளக்கு அணையவில்லை, ஃபில்டரைக் கழற்றிவிடலாமா?

கடலூர் முதுநகர் வண்டிக்காரர்:
பி.எஸ்.6 டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் மீன் ஏற்றி மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இறக்குவேன். எல்லாம் கிட்ட கிட்ட ஓட்டம்தான். சில நாளாக டி.பி.எஃப். (டீசல் புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறது, வண்டியும் சரியாக இழுக்கவில்லை. ஃபில்டரைக் குடைந்தெடுத்து சாஃப்ட்வேரை மாற்றினால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

புதுச்சேரி மெக்கானிக்:
வேண்டாம் அண்ணே. அது தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி. ஒவ்வொரு துளைக்கும் ஒரு முனை அடைத்திருக்கும். அதனால் புகை சுவருக்குள் ஊடுருவித்தான் வெளியேறும், கரி உள்ளேயே தங்கிவிடும். அந்தக் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். நீங்கள் அதற்குள் என்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள்.

விளக்கு மின்னாமல் நிலையாக எரிகிறதா? என்ஜின் விளக்கு எரியவில்லையே? அப்படியானால் புதுச்சேரி சாலையில் 20 நிமிடம் 60 வேகத்தில் சீராக ஓட்டுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். ஆர்.பி.எம். 2,000-க்கு மேல் இருக்கட்டும். மின்னினால் ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டுத்தான் கரியை எரிக்க வேண்டும்.

நெய்வேலி டிரைவர்:
போவதற்கு முன் டிப்ஸ்டிக் (என்ஜின் ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். கரி எரிப்பது பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். மேனுவலில் சொன்ன, சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்துபோகும், ஆயில் சாம்பல் எரியாமல் ஃபில்டரிலேயே அடையும்.

கழற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அது தப்பு. அதைவிட, டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று கூடை ஏற்றும் பெண்கள் தினமும் அதைத்தானே சுவாசிப்பார்கள்?

கடலூர் முதுநகர் வண்டிக்காரர்:
அந்தப் பெண்களில் என் அக்காவும் உண்டு. கழற்றவில்லை. ஆயில் மேல் கோட்டைத் தாண்டித்தான் இருந்தது, மாற்றிவிட்டு ஓட்டினேன். கிருமாம்பாக்கம் தாண்டியதும் விளக்கு அணைந்தது, இழுவையும் வந்துவிட்டது. மறுபடி எரிந்தால்?

புதுச்சேரி மெக்கானிக்:
வாரம் ஒருமுறை இப்படி நீள ஓட்டம் விடுங்கள். அப்படியும் சீக்கிரமே எரிந்தால் கரி அதிகமாக உண்டாகிறது என்று பொருள். இன்ஜெக்டர், ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது), டர்போ ஹோஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டரின் பிரஷர் சென்சாருக்குப் போகும் சின்னக் குழாய் விரிசல் விட்டாலும் தவறாகக் காட்டும், அதைப் பார்த்துவிட்டே ஃபில்டரில் கை வையுங்கள்.