152 கட்ஆஃப், ஏஜென்ட் சொல்ற காலேஜுல சேர்த்தலாமுங்களா?

முட்டைலோடு:
வணக்கமுங்க. நாமக்கல்லுக்குப் பக்கத்துல மோகனூர் ரோட்டுல ஒரு ஊரு. முட்டை லோடு ஏத்திக்கிட்டு கேரளா போற டிரைவர் நானு. இப்ப வாளையாருகிட்ட வண்டிய ஓரங்கட்டிட்டு இத எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

பொண்ணு இந்த வருசம் பன்னெண்டாவது முடிச்சிருச்சு. கணக்கு 81, இயற்பியல் 68, வேதியியல் 74, கம்ப்யூட்டர் 88. இஞ்சினியரிங் கட்ஆஃப் 200-க்கு 152 வருதுன்னு அதுவே போட்டுக் காட்டுச்சு. ரிசல்ட் வந்த மூணாவது நாளே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துட்டாருங்க. வருசம் 75 ஆயிரம் பீஸு, காலேஜ் பஸ்ஸுக்கு 22 ஆயிரம், கம்ப்யூட்டர் சீட்டு உறுதி, வேலையும் உறுதிங்கறாரு. பத்தாயிரம் முன்பணமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் குடுத்தா சீட்டப் புடிச்சு வச்சிருவாராம். "கவுன்சலிங் வரைக்கும் காத்திருந்தா இந்த சீட்டு போயிரும்"ங்கறாரு.

எனக்குப் பேட்டாவோட சேத்து மாசம் 22 ஆயிரம் நிக்கும். சம்சாரத்தோட கம்மல் பேங்குலதான் இருக்குது. எங்க வீட்டுல இதுவரைக்கும் டிகிரி படிச்சவங்க யாருமில்லீங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். என்ன பண்ணட்டும்?

கோடர்கார்த்தி:
அண்ணா, இந்தக் காலத்துல பி.எஸ்சி. படிச்சு என்ன பண்றது? கடனை வாங்கியாவது பி.இ. கம்ப்யூட்டர் போடுங்க. நாலு வருசத்துல எடுத்துடலாம்.

கவுன்ட்டர்மூணு:
அண்ணா, மேலே தம்பி சொன்ன "கடனை வாங்கியாவது"தான் என் கவுன்ட்டருக்கு தினமும் வருது. நான் பேங்கில் வேலை பார்க்கிறேன்.

முதல் கேள்வி: பொண்ணு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படிச்சதா? அப்படின்னா இஞ்சினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதில் கவுன்சலிங் வழியா சேர்ந்தா படிப்புக் கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அரசே கட்டும். கலைக் கல்லூரிக்குப் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவ கணக்கில் விழும்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். நீங்க எழுதினதுல மார்க் இருக்கு, பீஸ் இருக்கு, ஏஜென்ட் இருக்காரு, கம்மல் கூட இருக்கு. பொண்ணு என்னவாகணும்னு சொல்லுதுங்கறது எங்கேயும் இல்லையே அண்ணா?

நான் படிச்சது சேலம் பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்சி. கணக்கு. அரசுக் கல்லூரிகளில் இளநிலைக்குப் படிப்புக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம் அது இதுன்னு நான் கட்டினது எந்த வருசமும் மூவாயிரத்தைத் தாண்டல. பஸ் பாஸ் இலவசம். ஆனா சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. எனக்கு ரெண்டாவது ஷிப்ட், மத்தியானம்தான் கிளாஸ். பாதிப் பாடத்துக்கு கௌரவ விரிவுரையாளர்கள்தான், அவங்க சம்பளத்துக்காகப் போராட்டத்துல உட்கார்ந்தப்ப ஒரு மாசம் நாங்களே போர்டுல கணக்குப் போட்டுக்கிட்டோம். இங்கிலீஷ் பேசச் சொல்லித்தர ஆள் கிடையாது.

ஆனா காலை நேரம் முழுக்க என் கையில இருந்தது. மாவட்ட மைய நூலகத்துல போய் உட்கார்ந்துடுவேன். வங்கித் தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், இருபது வயசு ஆகியிருக்கணும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ல பெரும்பாலான வேலைக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும். ரெண்டு தடவை கிளார்க் தேர்வுல இங்கிலீஷ்ல விழுந்தேன், மூணாவது தடவை ஏறினேன். பி.இ. முடிச்ச பசங்களும் அதே ஹால்ல அதே தேர்வைத்தான் எழுதினாங்க.

கடன் பத்தியும் சொல்லிடறேன். ஏஜென்ட் சொன்ன கணக்குப்படி வருசம் 97 ஆயிரம். தேர்வுக் கட்டணம், புத்தகம் சேர்த்தா நாலு வருசத்துக்கு நாலு லட்சத்தைத் தாண்டிடும். படிச்சு முடிச்சப்புறம்தான் தவணை ஆரம்பிக்கும், ஆனா வட்டி, பணம் வாங்கின நாளிலேயே ஓட ஆரம்பிச்சுடும். குடும்ப வருமானம் வருசம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏத்துக்கிற மானியம் இருக்கு. அதுக்கு அந்தக் காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கணும், ரெண்டுமே தரத்தைப் பார்த்துக் குடுக்கிற சான்று. அந்த சான்றிதழைக் காட்டுங்கன்னு ஏஜென்டைக் கேளுங்க, முகத்தைப் பாருங்க.

பழையமாணவன்_எட்டு அரியர்:
அய்யா, ஒரிஜினலை மட்டும் குடுத்துடாதீங்க. நான் அப்படிக் குடுத்துத்தான் மாட்டினேன். காலேஜ் பேர் வேண்டாம். கவுன்சலிங்ல அரசு இஞ்சினியரிங் காலேஜே கிடைச்சுது, டி.சி.யைத் திருப்பித் தர மொத்த வருசப் பீஸையும் கட்டச் சொன்னாங்க. மாணவரோட ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு காலேஜுகளை மேற்பார்க்கிற யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. ரெண்டும் சொல்லியிருக்கு. அது எங்கப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கேயே படிச்சேன்.

ஏஜென்ட் தர்றது மேனேஜ்மென்ட் சீட்டு, அதாவது கவுன்சலிங்ல வராம காலேஜே நேரா நிரப்பிக்கிறது. அதுல முதல் பட்டதாரி சலுகை கிடையாது. உங்க வீட்டுல டிகிரி படிச்சவங்க இல்லைங்கறீங்க, இ-சேவை மையத்துல அந்தச் சான்றிதழை உடனே வாங்கி வையுங்க. கவுன்சலிங் வழியாப் போனா கட்டணத்துல குறையும். 152-க்கு சீட்டு போயிடும்ங்கறது சுத்தப் பொய். வருசா வருசம் கவுன்சலிங் முடிஞ்சும் ஆயிரக்கணக்குல சீட்டு காலியாத்தான் கிடக்கு.

பி.இ.தான்னு முடிவானா, எந்தக் காலேஜுல எத்தனை சதவீதம் பாஸ்னு அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் பட்டியல் விடும், அதைப் பாருங்க. என் காலேஜ் அந்தப் பட்டியல்ல எங்க இருந்துதுன்னு கேக்காதீங்க, என் பேரைப் பாருங்க.

முட்டைலோடு:
எல்லாருக்கும் கும்பிடுங்க. நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த 7.5 நமக்கில்லீங்க. ஏழாவது வரைக்கும் மெட்ரிக்ல போட்டிருந்தேன். கொரோனாவுல வண்டி நின்னப்ப பீஸு கட்ட முடியாமத்தான் எட்டாவதுல கவர்ன்மெண்டுல சேத்தினேன். ஆறும் ஏழும் இடிக்குது. அன்னைக்குப் பெருமையா டை கட்டி அனுப்புனேன், இன்னைக்கு அந்த ரெண்டு வருசந்தான் குறுக்க நிக்குது.

பேங்கு அம்மிணி கேட்ட கேள்விய அப்படியே பொண்ணுகிட்டக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம் உள்ள போய் ஒரு நோட்ட எடுத்துட்டு வந்துச்சு. நான் டிரிப் முடிச்சு வந்து கொட்டுற டீசல் பில்லு, டோல் ரசீது, ஒடஞ்ச முட்டைக்கு முதலாளி புடிச்ச காசு, எல்லாத்தையும் ஒம்பதாவதுல இருந்து எழுதி வச்சிருக்குதுங்க. போன வருசம் ரெண்டு டிரிப்புக்கு எனக்கு பேட்டா குறைச்சுக் குடுத்திருக்காங்கன்னு சிவப்பு மையில சுழிச்சு வச்சிருக்குது. "சாப்ட்வேர்னா என்னன்னே தெரியலப்பா. எனக்கு பேங்குல உக்காரணும்"னு சொல்லுச்சு. இத்தனை நாளா ஏன் சொல்லலன்னா, "நீங்க ஏஜென்ட்டுக்கு டீ போடத்தானே சொன்னீங்க"ங்குது.

நாமக்கல்லுல கவிஞர் இராமலிங்கம் அரசு மகளிர் கல்லூரிக்கு பி.எஸ்சி. கணக்கு போட்டிருக்கோம். நாலு பாடத்துக்கு 400-க்கு 311 வருது, கிடைக்குமுங்களா? கவுன்சலிங்கும் ஒரு பக்கம் பதிஞ்சு வைக்கறோம். ஏஜென்டுகிட்ட அந்த நாக்கு சர்டிபிகேட்டக் கேட்டேன், அனுப்பறேன்னாரு. இன்னும் வரல.

கவுன்ட்டர்மூணு:
311-க்கு விண்ணப்பம் தாராளமாப் போடலாம் அண்ணா. இனச் சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசை), முதல் சுற்று, ரெண்டாம் சுற்றுன்னு நகரும், போனை எடுக்காம விட்டுடாதீங்க. ராசிபுரம் திருவள்ளுவர் அரசுக் கல்லூரியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. டவுன் பஸ்ஸுல பொண்ணுங்களுக்கு டிக்கெட் கிடையாது.

இங்கிலீஷை மட்டும் முதல் வருசத்திலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்க, நான் ரெண்டு வருசம் தொலைச்சது அதுலதான். அப்புறம் அந்த ரெண்டு டிரிப் பேட்டாவை முதலாளிகிட்டக் கேட்டீங்களா?

முட்டைலோடு:
கேட்டேனுங்க. ஒண்ணுக்குக் குடுத்துட்டாரு.