பூனைக்கு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதுமா?

கருவிழி எழுதியது:

நாய், பூனைகளை அவரவர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வதாக வெள்ளைப்பாதம் என்பவர் நேற்று இங்கே ஓர் அறிவிப்பு இட்டிருந்தார். 15 ஆண்டு அனுபவம் உண்டு, நாய் இருக்கும் வீட்டில் இரவு தங்குவேன், மாத்திரையும் ஊசியும் போடத் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தார். அதுவரை எனக்கு மறுப்பில்லை. கடைசி வரியைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. "பூனை மட்டும் உள்ள வீட்டுக்கு நாளைக்கு ஒருமுறை வந்து போனால் போதும்" என்கிறார். போதும் என்று யார் முடிவு செய்தது?

இதே சொல்லை நம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் ஆண் பூனையை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஐந்து நாள் வெளியூர் போனேன். அவரும் அனுபவசாலிதான். காலை 8 மணிக்கு வருவார், உணவு வைப்பார், மணல் தட்டைச் சுத்தம் செய்வார், ஒரு படம் அனுப்பிவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் வந்த படத்தில் பூனை மணல் தட்டுக்குள் குந்தியிருந்தது. "சமர்த்தாகத் தட்டில் போகிறான்" என்று கீழே எழுதியிருந்தார். அவன் போகவில்லை, போக முடியாமல் முக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் 8 மணிக்குக் கதவைத் திறந்தபோது குளியலறைத் தரையில், தண்ணீர் வடியும் துளைக்குப் பக்கத்தில் கிடந்தான். ஈரத் தரையில் இளஞ்சிவப்பாக நாலைந்து சொட்டுகள் இருந்தன. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை குறுகலானது. அது முழுதாக அடைத்துக்கொண்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே பிறழும். மருத்துவர் குழாய் செலுத்தி அவனைக் காப்பாற்றினார். ஒரு மணி நேரம் வந்து போனால் மீதி 23 மணி நேரம் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்த அம்மையார் பதில் சொல்லட்டும்.

வெள்ளைப்பாதம் எழுதியது:

ஐயா, உங்கள் பூனைக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். ஆனால் யாரோ ஒருவர் செய்த தவற்றுக்கு என்னைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தட்டில் குந்தியிருக்கும் பூனையைப் படம் எடுத்தவர் அந்தத் தட்டைக் கிளறிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் போகும் வீடுகளில் மணலை வாரியெடுத்தபின் கரண்டியின் முதுகால் மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிட்டு வருவேன். மறுநாள் அதில் எத்தனை குழி, எத்தனை சிறுநீர்க் கட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். நலமாக உள்ள வளர்ந்த பூனை பொதுவாக நாளொன்றுக்கு 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். கட்டி சிறுத்தாலோ, எண்ணிக்கை மாறினாலோ, அன்று நான் வீடு திரும்புவதில்லை. அனுபவம் என்று நான் எழுதியது இதைத்தான்.

இரவில் யாராவது தங்கினால் பூனைக்கு நல்லது என்று நினைப்பவர்கள் பூனையின் பக்கத்திலிருந்து யோசிப்பதில்லை. நாய்க்குத் தன் மனிதர்கள் முக்கியம், பூனைக்குத் தன் இடம் முக்கியம். அறிமுகமில்லாத ஒருவர் அதன் சோபாவில் படுத்து, அதன் வழியில் நடந்து, புதிய வாசனையை வீடெங்கும் பரப்பினால், கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கும் பூனை உணவுக்கும் வராது, தட்டுக்கும் வராது. பூனைகளுக்குக் காரணம் பிடிபடாமல் வரும் சிறுநீர்ப்பை அழற்சியை மன அழுத்தம் தூண்டிவிடும் என்பது மருத்துவர்களே சொல்வது. நீங்கள் தடுக்க நினைப்பதை உங்கள் யோசனையே வரவழைத்துவிடும்.

மணியின் தாத்தா எழுதியது:

அம்மா சொல்வது சரி. எங்கள் மணி நாய்தான் என்றாலும், விடுதியில் விட்டபோது பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பத்து நாயின் குரைப்பை இரவெல்லாம் கேட்டுக் கேட்டு, திரும்பி வரும்போது தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமிக்கொண்டே வந்தான். விலங்கு தன் வீட்டிலேயே இருப்பதுதான் முதன்மை. எத்தனை முறை வருகிறார்கள் என்பது அதற்கு அடுத்ததுதான். விடுதிக்காகப் போன மாதம் இதே கருவிழி ஐயா வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியதையும் நான் மறக்கவில்லை.

கருவிழி எழுதியது:

மணியின் தாத்தாவுக்குப் பழைய கணக்குத் தீரவில்லை என்று தெரிகிறது. போன மாதம் நான் சொன்னது, இரவில் ஆள் இருக்கும் நல்ல விடுதி, ஆளே இல்லாத வீட்டைவிட மேல் என்பது. இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அம்மையாரின் விடையை மூன்று முறை படித்தேன். மணலைத் தேய்ப்பதைச் சொல்கிறார், கட்டியை எண்ணுவதைச் சொல்கிறார். இன்று காலை 9 மணிக்குத் தேய்த்துவிட்டுப் போகிறார். 10 மணிக்கு அடைப்பு ஏற்படுகிறது. அவர் எண்ணிப் பார்ப்பது மறுநாள் 9 மணிக்கு. நடுவில் எவ்வளவு நேரம் என்று அவரே கணக்குப் போடட்டும். எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் எண்ணிப் பார்க்க அங்கே இருக்கவும் வேண்டும்.

அடைப்பு மட்டுமா? பூச்சாடியில் லில்லிப் பூ இருக்கும் வீடு எத்தனை! அதன் இதழைக் கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். 18 மணி நேரம் கடந்துவிட்டால் அதன்பின் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் பலன் தருவதில்லை. 18 என்பது 23-ஐவிடச் சிறியது என்பதை விளக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

இளவேனில் எழுதியது:

இருவரும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினால் நல்லது. எந்தப் பூனையைப் பற்றிப் பேசுகிறோம்? ஏற்கெனவே அடைப்பு வந்த ஆண் பூனையா, குட்டியா, நீரிழிவு உள்ள கிழட்டுப் பூனையா, நோய்நொடி இல்லாத வளர்ந்த பூனையா? ஒருமுறை வருவது என்றால் பத்து நிமிடமா, ஒன்றரை மணி நேரமா? இதைச் சொல்லாமல் போதும், போதாது என்று எப்படி முடிவு செய்வது?

வெள்ளைப்பாதம் எழுதியது:

லில்லிப் பூவுக்கு நான் வழி வைப்பதில்லை ஐயா. பொறுப்பேற்கும் முன்பே ஒரு நாள் வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர்களை உடன் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்ப்பேன். பூச்சாடி, தையல் நூல், எலி மருந்து, திறந்து கிடக்கும் வலி மாத்திரை என எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் சாவியை வாங்குவேன். மனிதருக்கான ஒரேயொரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவைக்கூடச் சாத்திவிட்டுத்தான் வருவேன், உள்ளே ஏறித் தூங்கும் பூனைகள் உண்டு.

15 ஆண்டில் என் பொறுப்பில் இருந்த ஒரு பூனையும் சாகவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

கருவிழி எழுதியது:

சாகவில்லை என்பது அளவுகோலா? என் பூனையும் சாகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டவரும் இன்று எங்கேயோ இதே பெருமையைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். அறிவிப்பில் ஒருமுறை என்று இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அந்த 23 மணி நேரத்துக்கு விடை இருக்கிறதா? இல்லை.

பகல்நடை எழுதியது:

நான் நாய்களை நடத்திப் போகும் வேலை செய்பவன். வீட்டில் ஒரு கேமரா வைத்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. தட்டுக்கு எதிரே ஒன்று, உணவுக் கிண்ணத்துக்கு எதிரே ஒன்று வைத்தால், வெளியூரில் இருப்பவரே கைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே?

வெள்ளைப்பாதம் எழுதியது:

தம்பி, கேமராவைப் பற்றி எனக்குத் தனியே மனக்குறை உண்டு. ஒரு வீட்டில் எனக்குச் சொல்லாமலேயே கூடத்தில் வைத்திருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "சும்மா உட்கார்ந்திருக்கத்தான் உங்களை வைத்தோமா?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான், இரண்டு நாளாக அலமாரிக்குப் பின்னால் இருந்த அவர்கள் பூனை வெளியே வந்து என் முழங்காலை முகர்ந்தது. பூனையின் கண்ணை உற்றுப் பார்க்காமல், கையை நீட்டாமல் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் வேலைதான். கேமரா வைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வைக்கட்டும்.

மணியின் தாத்தா எழுதியது:

சொல்லாமல் கேமரா வைப்பது நம்பிக்கைத் துரோகம். வீட்டுச் சாவியைக் கொடுத்தபின் என்ன சந்தேகம்?

பகல்நடை எழுதியது:

தாத்தா, சாவி கொடுத்தவருக்குத்தான் சந்தேகம் வரும். கதவைச் சரியாகச் சாத்தாமல் நாயைத் தொலைத்த ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். வாசல் கதவைத் திறக்கும் முன்பே கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்ட வேண்டும் என்ற பாலபாடம்கூடத் தெரியாதவர்கள் எல்லாம் அனுபவசாலி என்று விளம்பரம் செய்கிறார்கள்.

வெள்ளைப்பாதம் எழுதியது:

அது என்னைக் குறித்துச் சொன்னதென்றால் நேரடியாகவே சொல்லலாம் தம்பி. நாய் உள்ள வீட்டில் நான் இரவு தங்குகிறேன். மார்பு அகன்ற பெரிய நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பதால், உணவுக்குப் பின் ஓட விடுவதில்லை, வாந்தி வராமல் ஓங்கரிக்கிறதா என்று பார்ப்பேன். இன்சுலின் போடும் நாயென்றால் 12 மணி நேர இடைவெளி தவறாது. நாய் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பினால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் மருத்துவரை அழைப்பேன், வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டால் சர்க்கரை சரிந்து வலிப்பு வந்துவிடும். நீங்கள் நடத்திப் போகும் நேரம் எவ்வளவு, முக்கால் மணி நேரமா?

கருவிழி எழுதியது:

இப்போது அம்மையார் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். நாய்க்குச் சில மணி நேரத்தில் உயிர் போகும் நோய் வரலாம் என்பதால் இரவு தங்குகிறார். பூனைக்கு அப்படி நோயே வராதா? நாய் கத்தும், கதவைப் பிறாண்டும், அண்டை வீட்டாராவது எட்டிப் பார்ப்பார்கள். பூனை வலியை மறைத்துக்கொண்டு மூலையில் சுருண்டுகொள்ளும். வாய்விட்டுக் கத்தாத உயிருக்குத்தான் கூடுதல் கண் தேவை. இவரோ கத்துவதற்கு ஆளை வைக்கிறார், கத்தாததை விட்டுவிட்டுப் போகிறார்.

தங்க வேண்டாம், பூனைக்குப் பிடிக்காது என்கிறார். சரி, தங்க வேண்டாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வரலாமே! 23 மணி நேரம் பாதியாகிவிடும். என் பூனையை அன்று மாலை யாராவது பார்த்திருந்தால், அவன் குளியலறைத் தரையில் ஓர் இரவு முழுவதும் கிடந்திருக்க மாட்டான்.

வெள்ளைப்பாதம் எழுதியது:

இரண்டு முறை வரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் வருகிறேன். குட்டிகளுக்கும், மருந்து சாப்பிடும் பூனைகளுக்கும் நானே இரண்டு முறை என்றுதான் சொல்வேன். ஒருமுறை என்பது நலமாக உள்ள, வளர்ந்த பூனைக்கு.

கருவிழி எழுதியது:

அது அறிவிப்பில் இல்லை. அறிவிப்பில் "பூனை மட்டும் உள்ள வீடு" என்றுதான் இருக்கிறது. என் பூனையும் மூன்றாம் நாள் காலை வரை நலமாக உள்ள, வளர்ந்த பூனைதான்.

இளவேனில் எழுதியது:

நான் கேட்டதற்கு இப்போது பாதி விடை வந்திருக்கிறது. ஒரு வருகைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் சொல்லிவிட்டால்...

மணியின் தாத்தா எழுதியது:

கருவிழி ஐயா, ஒரு பெண் நேர்மையாக உழைத்துப் பிழைக்கிறார். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இப்படி உலுக்குவது அழகல்ல. விடுதி, விடுதி என்கிறீர்களே, நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் 1978-இல் கண்டறியப்பட்டது. இன்றும் அது தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். பல வீட்டு நாய்கள் வந்து போகும் விடுதியில் அதற்கு யார் பொறுப்பு?

கருவிழி எழுதியது:

தடுப்பூசிச் சான்று பார்க்காமல் சேர்க்கும் விடுதி விடுதியே அல்ல என்று போன மாதமே எழுதினேன், தாத்தா படிக்கவில்லை. மேலும், நான் யாருடைய பிழைப்பையும் கெடுக்க வரவில்லை. உயிரைப் பார்த்துக்கொள்வதாக எழுதுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அம்மையார் மணலைச் சமன் செய்வதையும், அறை அறையாகப் பார்ப்பதையும், தரையில் அமர்ந்து காத்திருப்பதையும் நான் குறை சொல்லவே இல்லை. "போதும்" என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்கிறேன். எடுக்க மனம் வரவில்லை.

வெள்ளைப்பாதம் எழுதியது:

எடுக்க மாட்டேன். நலமாக உள்ள பூனைக்கு அது போதும் என்பதை நூற்றுக்கணக்கான வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இப்போது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். பூட்டு இறுக்கமான வீடு, கதவுக்குப் பின்னால் இரண்டு பூனைகள் காத்திருக்கின்றன. மாலையில் வந்து பதில் சொல்கிறேன்.

கருவிழி எழுதியது:

மாலையில் நமக்குப் பதில் சொல்ல வரும் நேரத்தில் அந்த இரண்டு பூனைகளையும் இன்னொரு முறை எட்டிப் பார்க்கலாமே?

பகல்நடை எழுதியது:

எனக்கு ஒரு விளக்கம் மட்டும் வேண்டும். முக்கால் மணி நேரம் என்று என்னைச் சொன்னார்களே, நான் நடத்திப் போவது முழுதாக ஒரு மணி நேரம்.