சென்னையின் எஃப்சி பிறந்த 2014: அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பெரம்பூரிலிருந்து

நண்பர்களே, நம் ஊர் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி தொடங்கிய கதையை யாராவது எழுதுவார்கள் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். சரி, நானே தொடங்கிவிடுகிறேன்.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) என்ற கால்பந்துப் போட்டி வரப்போகிறது, எட்டு அணிகள் என்று 2014 ஏப்ரலில் அறிவித்தபோது அந்தப் பட்டியலில் சென்னை இல்லை. கொல்கத்தா, கொச்சி, கோவா, குவாஹாட்டி எல்லாம் இருந்தன. பெங்களூர்கூட இருந்தது. எனக்கு அது உண்மையிலேயே வலித்தது. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) மைதானத்தைச் சுற்றி வளர்ந்தவன் நான். வடசென்னையில் எத்தனை பேர் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் பெங்களூர் அணியை எடுத்திருந்த சன் குழுமம் விலகியது, அந்த இடம் சென்னைக்கு வந்தது. ஆகஸ்ட் 28 அன்று அபிஷேக் பச்சன் உரிமையாளர் என்று செய்தி. வீட்டா தானியும் தோனியும் பங்குதாரர்கள் ஆனார்கள்.

செய்தியை முதலில் படித்தவர் அப்பாதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "சென்னையின்... என்னடா? சென்னையின் கடற்கரையா, சென்னையின் வெயிலா? அடுத்த சொல்லைக் காணோமே" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

ஆகஸ்ட் 28-இல் அறிவிப்பு, அக்டோபர் 15-இல் கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் கோவா அணியுடன் முதல் ஆட்டம். நடுவில் ஏழு வாரம். ஒரு கல்யாணத்துக்கே நாம் அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வோம். அதற்குள் பயிற்சியாளர், வீரர்கள், ஜெர்சி, பேருந்து, மருத்துவர், புல்தரை எல்லாம் தயாராக வேண்டும். உலகக் கோப்பை வென்ற மார்கோ மட்டெராஸி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். எலானோ, சில்வெஸ்ட்ரே, பெர்னார்ட் மெண்டி என்று வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். ஜெஜெ போன்ற இந்திய வீரர்கள் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியில் ஆடிய கிளப்புகளிலிருந்து கடனாக வந்தார்கள். ஒருவர் பேசும் மொழி இன்னொருவருக்குத் தெரியாத அணி. அந்த அணி முதல் ஆட்டத்திலேயே 2-1 என்று ஜெயித்தது.

முதல் உள்ளூர் ஆட்டம் அக்டோபர் 21, கேரளா பிளாஸ்டர்ஸுடன். மறுநாள் தீபாவளி. "நாளைக்குப் பண்டிகையை வெச்சுக்கிட்டு இன்னைக்கு ஃபுட்பாலா?" என்று அம்மா கேட்டார். போயே தீருவேன் என்று நேரு ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிட்டேன். பெரியமேடு பக்கம் நடக்கும்போதே வெடிச் சத்தம். உள்ளே நீலமும் மஞ்சளும் கலந்து உட்கார்ந்திருந்தன. மஞ்சள் சட்டை போட்ட கேரள ரசிகர்கள் பாட்டும் கொட்டுமாக வந்திருந்தார்கள். எங்களுக்கு என்ன கத்துவது என்றே தெரியவில்லை. கிரிக்கெட்டில் கத்துவதையே மாற்றிக் கத்தினோம். 1-1 ஆன பிறகு மெண்டி கோலுக்கு முதுகைக் காட்டியபடி எம்பி, தலைக்கு மேலாக ஒன்று உதைத்தாரே! என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். 2-1. அந்த நிமிடத்திலிருந்து நான் இந்த அணியின் ஆள்.

வியாசர்பாடியிலிருந்து

பெரம்பூர் தம்பி எழுதியதைப் படித்ததும் நானும் சொல்லணும் என்று தோன்றியது. எங்கள் பகுதிப் பையன்களுக்கு இருபது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். என் காலத்தில் ஃபுட்பால் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டா. நன்றாக ஆடினால் ஐசிஎஃப், ரயில்வே, இந்தியன் வங்கி, போலீஸ் என்று ஏதாவது ஓர் இடத்தில் வேலை. இந்தியன் வங்கி அணி நேஷனல் லீகில் ஆடியபோது அதுதான் எங்களுக்கு உச்சம். ஆனாலும் அது வேலைக்காக ஆடும் ஆட்டம்தான். நான் ஒரு நிறுவனத்தின் தேர்வுக்குப் போய் மூன்று நாள் ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று அவர்களே சொன்னார்கள். அந்த வருடம் காலியிடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு பூட்ஸைக் கழற்றினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

அதனால்தான் 2014 எனக்கு முக்கியம். பந்து ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம் என்று நம் ஊரிலேயே ஒரு இடம் வந்தது. அதுவரை அதற்குக் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ போக வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருட அணியில் நம் ஊர்ப் பையன்களைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பேர் மட்டும் சென்னை, காலெல்லாம் வெளியூர் என்று என் கூட்டாளிகள் கோபப்பட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. ஏழு வாரத்தில் அணியை வாங்கலாம், ஆட்டக்காரனை வளர்க்க முடியாது. கிளப் தொடங்குகிறவர்கள் பெரிய வீரரைக் கூட்டி வரும் அதே நாளில் பத்து வயதுப் பையன்களுக்கும் ஒரு மைதானம் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சமதளமான தரை கிடைப்பது பெரிய பாடு.

ஆனால் தனபால் கணேஷ் நீலச் சட்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகு இங்கே பேச்சே மாறிவிட்டது. எங்கள் தெருக்களில் ஓடிய பையன் அவர். அதுவரை "சார், கோட்டாவில் வேலை கிடைக்குமா?" என்று கேட்ட பெற்றோர்கள், "சார், இவன் சென்னையினுக்கு ஆடுவானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

புனேயிலிருந்து

நான் 2014-இல் டிவியில் பார்த்தவள்தான். அந்த வருட அரையிறுதி இரண்டு ஆட்டம்; கேரளாவிடம் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் அந்த மூன்றையும் திருப்பிப் போட்டு, கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோலில் வெளியேறினோம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

எனக்கு மறக்க முடியாதது 2015 டிசம்பர். சென்னையே வெள்ளத்தில் இருந்தது. முடிச்சூரில் அம்மா அப்பா மாடியில் இருந்தார்கள், மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியை இங்கே புனேயின் பாலேவாடி மைதானத்துக்கு மாற்றினார்கள். என் அலுவலகத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். அதற்குள் வீட்டில் பேசிவிட்டேன், எல்லோரும் பத்திரம். மைதானத்தில் கூட்டம் அதிகம் இல்லை. இருந்த தமிழர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க வீட்ல தண்ணி வடிஞ்சிருச்சா?" அந்தப் பேச்சுக்கு நடுவில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். எட்டு நாள் கழித்து ஃபதோர்டாவில் கோவாவுடன் இறுதி. தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்தோம். அப்புறம் இரண்டு கோல். கடைசியாக அடித்தவர் மெண்டோஸா. அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் அப்போதும் வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருந்தார். "ஜெயிச்சாச்சா? சந்தோஷம்மா, வெச்சிடு, கை பூரா சேறு" என்றார்.

மறுபடியும் பெரம்பூரிலிருந்து

புனே தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

அப்பா கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். 2018 மார்ச் 13, கோவாவுடன் அரையிறுதி, சென்னையில். அப்பாவால் அப்போது வெளியே வர முடியாது, வீட்டில் இருவரும் டிவி முன்னால். ஜெஜெ முதல் கோல் அடித்தார். மூன்றே நிமிடத்தில் கணேஷ் அடுத்தது. "இந்தப் பையன் எந்த ஊரு?" என்று கேட்டார். வியாசர்பாடிப்பா என்றேன். "நம்ம பக்கத்துப் பையனா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை கணேஷ் பந்தைத் தொடும்போதெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். 3-0. நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் போய் இரண்டாவது கோப்பையையும் எடுத்தோம். அந்த இறுதியையும் அப்பா முழுதாகப் பார்த்தார்.

வியாசர்பாடி அண்ணா, நீங்கள் சொன்ன மைதான விஷயத்தில் எங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று தனியாகப் பேசுவோம். இன்னொன்று. உங்கள் பயிற்சியில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறீர்களா? என் மகளுக்கு ஒன்பது வயது. இடது காலில்தான் உதைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எத்தனை மணிக்குக் கூட்டி வரட்டும்?