ஈ.கோலை பாக்டீரியாவில் லைகோபீனுக்கு (தக்காளியின் சிவப்பு நிறமி) ஜீன் மூன்றா, இரண்டா?

செம்பருத்தி: "ஈ.கோலைக்குள் ஒரே ஒரு ஜீனைச் செருகினால் போதும், தக்காளிச் சிவப்பு வந்துவிடும்" என்று மேலே ஒருவர் அளந்திருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, மூன்று வேண்டும். ஈ.கோலையிடம் சொந்தமாகக் கைவசம் இருப்பது எஃப்பிபி என்ற 15 கார்பன் மூலக்கூறு. சிஆர்டி-இ என்ற ஜீன் அதை 20 கார்பன் ஆக்கும். சிஆர்டி-பி இரண்டு இருபதை ஒட்டி 40 கார்பன் பைட்டோயீன் ஆக்கும். அதற்கு நிறமே கிடையாது. சிஆர்டி-ஐ வந்து இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டினால்தான் சிவப்பு. 1990இலேயே எர்வினியா என்ற இன்னொரு பாக்டீரியாவின் ஜீன்களை வைத்து மிசாவா குழு காட்டியாயிற்று.

தட்டுக்காரன்: இரண்டே போதும். ஈ.கோலையில் எஃப்பிபியைச் செய்யும் ஐஎஸ்பி-ஏ நொதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அதுவே 20 கார்பன் தரும்.

செம்பருத்தி: மாற்றினால்! அது கணக்கில் வராதா? மூன்று.

தட்டுக்காரன்: உள்ளே இருந்த ஜீன் அது. வெளியிலிருந்து சேர்த்தது இரண்டு. எண்ணத் தெரியாதா?

நெல்மணி: 2005இன் தங்க அரிசியிலும் (மஞ்சள் நிறமி தரும்படி ஜீன் சேர்த்த நெல்) மக்காச்சோள ஜீன் ஒன்று, சிஆர்டி-ஐ ஒன்று. இரண்டுதானே?

செம்பருத்தி: நெல்லிடம் 20 கார்பன் ஏற்கெனவே இருக்கிறது. பேச்சு பாக்டீரியாவைப் பற்றி. மூன்று.

வழிப்போக்கன்: அது ஈ.கோலையா, ஈ.கோலியா?

தட்டுக்காரன்: கோலி விளையாட வந்தீர்களா? பாக்டீரியா வளர்த்த என் குழம்பை மையவிலக்கில் சுழற்றினால் குழாயின் அடியில் செங்கல் நிறத்தில் கட்டி நிற்கிறது. இரண்டு ஜீன்தான் போட்டேன்.

செம்பருத்தி: செங்கல் நிறம் என்றால் விளைச்சலா? அசிட்டோனில் பிரித்து 475 நானோமீட்டர் ஒளியில் அளந்தீர்களா? கண்ணால் பார்த்துச் சொல்வது உங்கள் பழைய வழக்கம். போன மாதம் அஸ்டாக்சாந்தின் என்ற இன்னொரு நிறமி பற்றிய இழையில் சிஆர்டி-டபிள்யூ ஹைட்ராக்சில் சேர்க்கும் என்று சாதித்தவர் யார்? அது கீட்டோ சேர்ப்பது. ஹைட்ராக்சில் சிஆர்டி-இசட் வேலை.

தட்டுக்காரன்: அது தட்டச்சுப் பிழை. இதையே எத்தனை நாள் சொல்லிக் காட்டுவீர்கள்?

செம்பருத்தி: ஆறு தடவை வந்த தட்டச்சுப் பிழை. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள்: அந்த மாற்றிய ஐஎஸ்பி-ஏவைப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் வைத்துத்தானே உள்ளே விட்டீர்கள்?

தட்டுக்காரன்: ஆமாம், அதனால் என்ன?

செம்பருத்தி: அப்போது அதுவும் சேர்த்ததுதானே! மூன்று.

தட்டுக்காரன்: அதன் சொந்த ஜீன்தானே. இரண்டு.

வழிப்போக்கன்: கோலையா கோலியா என்று யாருமே சொல்லவில்லை.