புது கார்ன் காப் பைப்புல கட்டை கருகுற வாடை, அடியில தண்ணி களக் களக்னு சத்தம்: என்ன பண்ணலாம்?

மிசிசிப்பிக்கரை:
வணக்கம் மக்களே. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கேன். ப்ரையர்ங்கிற மரத்துல செஞ்ச பைப் கொஞ்ச வருஷமா பிடிக்கிறேன், இப்ப தான் முதல் தடவையா ஒரு கார்ன் காப் பைப், அதாவது மக்காச்சோளக் கட்டையில செஞ்ச பைப், வாங்கியிருக்கேன். கையில எடுத்தா எடையே தெரியல, பல்லுல கடிச்சுக்கிட்டு தோட்ட வேலை பாக்கலாம் போல இருக்கு, அதுக்காகவே ரொம்ப ஆசையா வாங்கினது. ஆனா பத்த வச்சதும் மேல் பாதி வரைக்கும் நல்லா போகுது, பாதிக்குக் கீழ வந்ததும் விறகு கருகுற மாதிரி ஒரு கசப்பு வாடை வருது, அப்புறம் உறிஞ்சும்போது உள்ள தண்ணி களக் களக்னு சத்தம், சில சமயம் அந்த கசப்புத் தண்ணி நாக்குக்கே வந்துடுது. உள்ள எட்டிப் பாத்தா அடியில ஒரு மரக்குச்சி முனை நீட்டிக்கிட்டு இருக்கு, அது கறுப்பாயிடுச்சு. இது டிஃபெக்டா? மாத்திக் கேக்கணுமா? உள்ள இருந்த பேப்பர் ஃபில்டரை கழட்டிட்டேன், ப்ரையர்ல எனக்கு ஃபில்டர் பழக்கம் இல்ல. புகையிலை வாசனை சேர்த்த செர்ரி டைப். நாக்கும் எரியுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையதணல்:
தம்பி, டிஃபெக்ட் இல்ல, மாத்தக் கேக்க வேண்டாம். அந்த மரக்குச்சி தான் ஷாங்க், அதாவது புகையிலை போடுற பவுலையும் வாயில கடிக்கிற ஸ்டெம்மையும் இணைக்கிற குழாய். நிறைய காப் மாடல்ல ஷாங்கை பவுலோட பக்கச்சுவர்ல துளை போட்டு உள்ள வரைக்கும் செருகி ஒட்டியிருப்பாங்க, அது பவுலுக்குள்ள கொஞ்சம் நீட்டிக்கிட்டு தான் நிக்கும். தணல் அந்த ஆழத்துக்கு இறங்கினதும் முதல்ல கருகுறது அந்த பச்சை மரமுனை தான், உங்களுக்கு வர்ற விறகு வாடை அது. முனை முழுசா கரியாகி மேல ஒரு சாம்பல் பூச்சு ஏறிட்டா வாடை தானா போயிடும். அதுவரைக்கும் அடிவரைக்கும் புகைக்கணும்னு பிடிவாதம் வேண்டாம், வாடை ஆரம்பிச்ச இடத்துல நிறுத்திடுங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கீழ போகலாம்.

அவசரம்னா இன்னொரு வழி இருக்கு. சுருட்டுச் சாம்பலை நல்லா நொறுக்கி சொட்டு சொட்டா தண்ணி விட்டு களிம்பு மாதிரி குழைச்சு, பவுல் அடியில ஷாங்குக்குக் கீழ இருக்குற பள்ளத்தை நிரப்பி, மரமுனையையும் மூடுற மாதிரி பூசிடுங்க. பூசும்போது ஷாங்க் வழியா ஒரு பைப் க்ளீனரை (பஞ்சு சுத்தின மெல்லிசான கம்பி) செருகி வச்சுக்கோங்க, இல்லன்னா புகை வழி அடைஞ்சுடும். ஒரு ரெண்டு நாள் காய விட்டா கல்லு மாதிரி இறுகிடும். அடித்தட்டும் புகைத்துளையும் ஒரே மட்டத்துக்கு வந்துடும், அடியில ஈரமா தேங்குற புகையிலையும் குறையும். இதுக்குன்னே அடியில கெட்டி மரத்துண்டு அடைச்சு வர்ற மாடலும் இருக்கு, கன்ட்ரி ஜென்டில்மேன் அப்படித்தான், அடுத்தது வாங்கும்போது அந்த மாதிரி பாத்து வாங்குங்க.

ராத்திரிஷிஃப்ட்:
பழையதணல் அண்ணன் மரமுனைக்கு சொன்னது சரி. களக் களக் சத்தத்துக்கு காரணம் வேற, அது நீங்க ஃபில்டரை கழட்டினது தான்னு நினைக்கிறேன். காப் பைப் ஸ்டெம் எல்லாம் 6 மில்லிமீட்டர் ஃபில்டர் உக்காரறதுக்காக அகலமா குடைஞ்சு வச்சது. ஃபில்டர் இல்லன்னா அங்க ஒரு காலி அறை ஆயிடுது, சூடான புகை குறுகலான துளையில இருந்து திடீர்னு அகலமான இடத்துக்கு வந்ததும் விரிஞ்சு குளிருது, அதுல இருக்குற நீராவி அங்கயே தண்ணியாயிடுது. ப்ரையர்ல உங்களுக்கு இது தெரியாம போனதுக்குக் காரணம், ஃபில்டர் இல்லாத பைப்புல அந்த அறையே கிடையாது.

அதனால ஒண்ணு ஃபில்டரை திரும்பப் போடுங்க, இல்லன்னா பக்கத்துலயே பைப் க்ளீனர் வச்சுக்கிட்டு சத்தம் கேட்டதும் ஸ்டெம்மோட வாய்த்துளை வழியா உள்ள விட்டு ஒரு தடவை ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு தொடருங்க, பைப்பை அணைக்கவே வேண்டாம். நேரான ஸ்டெம்ல க்ளீனர் தடையில்லாம போகும்.

ஆனா உண்மையான வேர் உங்க புகையிலையில இருக்கு. செர்ரி, வெனிலா டைப் எல்லாம் இனிப்பு சாஸ் ஊத்தி ஈரத்தோட டப்பாவுல அடைக்கிறது. அதை அப்படியே அள்ளிப் போட்டா பாதி நேரம் நீங்க தண்ணியைத் தான் கொதிக்க வைக்கிறீங்க, நாக்கு எரியுறதும் அந்த ஆவியால தான். ஒரு தடவைக்கு வேண்டியதை ஒரு பேப்பர்ல பரப்பி அரைமணி, முக்கால்மணி விடுங்க. ரெண்டு விரலால ஒரு சிட்டிகை அமுக்கிப் பாருங்க, கட்டியா ஒட்டிக்கிட்டே இருந்தா இன்னும் ஈரம், விட்டதும் மெதுவா விரிஞ்சுதுன்னா சரியான பதம், பொடியா நொறுங்கினா ரொம்ப காஞ்சுடுச்சு.

மிசிசிப்பிக்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா யாரும் எனக்கு சொன்னதில்ல. ஒரு சந்தேகம், ப்ரையருக்கு உள்ள கரி அடுக்கு கட்டுறதுக்காக முதல்ல பாதி பவுல், அப்புறம் முக்கால்னு பழக்கணும்னு சொல்வாங்களே, காப்புக்கும் அது வேணுமா? தேன் தடவணும்னு கூட ஒருத்தர் சொன்னார்.

பழையதணல்:
வேணாம் தம்பி. அதுதான் காப்போட பெரிய பலமே. ப்ரையர்ங்கிறது மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ற எரிகா புதரோட வேர்முடிச்சு, கெட்டியான மரம், அது வெப்பத்தைத் தாங்கவும் ருசி இதமாகவும் கரி அடுக்கு தேவை. காப் அப்படி இல்ல, அதோட உள்சுவரே துளைத்துளையா இருக்கு, புகையில இருக்குற ஈரத்தை தானே இழுத்துக்கும், முதல் பவுல்லயே புகையிலையோட ருசி தெளிவா தெரியும். நான் புதுசா ஒரு கலவை வாங்கினா முதல்ல காப்புல தான் போட்டுப் பாப்பேன், பைப்போட ருசி குறுக்க வராம இலையோட ருசி மட்டும் வரும். தேன் எல்லாம் தடவாதீங்க, அது கருகி வேற ஒரு வாடை சேரும், அவ்வளவு தான்.

உள்ள கரி கொஞ்சமா படிஞ்சா போதும். சுரண்ட கத்தி எடுத்தீங்கன்னா கரியோட சேர்ந்து சுவரும் வந்துடும், புகைச்சு முடிச்சு ஆறினதும் ஒரு பேப்பர் டவலை மடிச்சு உள்ள திருகி எடுங்க. ப்ரையருக்கு பண்ற மாதிரி ஆல்கஹால் ஊத்தி ஊறவைக்கிறதும் கூடாது, காப் உப்பி விரிஞ்சுடும், ஷாங்க் ஒட்டினதும் விட்டுப்போகும். ஸ்டெம்முக்குள்ள மட்டும் லேசா நனைச்ச க்ளீனர் விடலாம்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, வெளிச்சுவர்ல ஒரு இடம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்கு சூடாகி, பழுப்பா நிறம் மாறுச்சுன்னா உள்ள அந்த இடத்துல சுவர் எரிஞ்சு மெலிஞ்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், உடனே நிறுத்தி ஆற விடுங்க. வேகமா இழுக்குறவங்களுக்குத் தான் பெரும்பாலும் இது வரும். அடியில லேசா, மேல கொஞ்சம் இறுக்கமா நிரப்பி, அணையுற மாதிரி இருந்தா இழுத்து இழுத்து காப்பாத்தாம திரும்ப ஒரு தீக்குச்சி உரசுங்க. அணைஞ்சு போறது தப்பே இல்ல.

மக்காச்சோளக்காடு:
அண்ணே குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். நான் பெரம்பலூர் பக்கம், எங்க ஊர்ல எங்க பாத்தாலும் மக்காச்சோளம் தான். முத்து உதிர்த்த கட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், அடுப்புக்குத் தான் போகுது. நம்ம கட்டையில இந்த பைப் செய்ய முடியாதா? என் மச்சான் கடைசல் பட்டறை வச்சிருக்கான்.

மிசோரிமாமா:
இதுக்கு நான் பதில் சொல்றேன், இந்த பைப் செய்யுற வாஷிங்டன்ங்கிற ஊருக்குப் போய் பாத்திருக்கேன். தலைநகர் வாஷிங்டன் இல்ல, செயின்ட் லூயிஸ்ல இருந்து மேற்க, மிசோரி ஆத்தங்கரையில இருக்குற சின்ன ஊரு, ரயிலும் நிக்கும். ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்ல ஆத்தைப் பாத்த மாதிரி காப் பைப் செய்யுற மிசோரி மீர்ஷாம் கம்பெனி, பக்கத்துலயே ஒரு மியூசியம் வச்சிருக்காங்க. 1869ல ஆரம்பிச்சது. ஹென்றி டிப்பினு ஹாலந்துல இருந்து குடியேறின ஒரு கடைசல்காரர்கிட்ட ஒரு விவசாயி வந்து இந்த சோளக்கட்டையை பைப்பா கடைஞ்சு குடுங்கன்னு கேட்டிருக்கார், விவசாயிக்கு அது ரொம்ப பிடிச்சுப் போக டிப்பி இன்னும் கொஞ்சம் கடைஞ்சு கடையில வச்சார், அப்படியே வித்துப்போச்சுன்னு சொல்றாங்க. 1878ல அவர் வாங்கின பேட்டன்ட் தான் முக்கியம்: கட்டையோட வெளிப்பக்கம் முத்து இருந்த குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு அடைச்சு, காய வச்சு, வழவழப்பா தேய்க்கிறது. அதனால தான் வெளியில சமமா இருக்கு, சுவரும் பலமா நிக்குது. இன்னைக்கும் அதே முறை தான்.

உங்க கேள்விக்கு வர்றேன். மச்சான் கடைஞ்சுடுவார், கடைசல் பெரிய விஷயம் இல்ல, கட்டை தான் விஷயம். இப்ப எல்லா ஊர்லயும் பயிரிடுற ஹைப்ரிட் முத்து நிறைய வரணும், கட்டை மெலிசா இருக்கணும்னு வளர்த்த ரகம். பைப்புக்கு நேர் எதிர், கட்டை பருமனா, கெட்டியா இருக்கணும். அதுக்குன்னே மிசோரி பல்கலைக்கழகத்துல உருவாக்கின ரகத்தைத் தான் இவங்க பயிரிடுறாங்க. கம்பைன் மெஷின் விட்டா கட்டை நொறுங்கிடும், அதனால கதிரை முழுசா பறிச்சு தனியா முத்து உதிர்க்கிறாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் வரைக்கும் காய வைக்கிறாங்க. உங்க குவியல்ல தேடி ரொம்ப பருத்த, நல்லா முத்தின கட்டையா ஒண்ணு ரெண்டு கிடைச்சா, பூச்சிமருந்து படாததா பாத்து, ஒரு வருஷமாவது நிழல்ல காய வச்சு மச்சான்கிட்ட குடுங்க, பாக்க ஒரு நல்ல சாமான் வரும். புகைக்கணும்னா சுவர் கனம் நாலு பக்கமும் ஒரே அளவா வரணும்.

மக்காச்சோளக்காடு:
ரொம்ப நன்றிங்க மாமா. நான் புகைக்கிறது இல்ல, செஞ்சு பாக்கணும்னு ஒரு ஆசை தான். கட்டைக்காகவே சோளம் போடுறாங்கன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு, இங்க கட்டைக்கு விலையே கிடையாது.

வெள்ளைக்கோட்டு:
நான் பல் டாக்டர், இந்த இழையில ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதனால சொல்றேன். காப் பைப் லேசா இருக்கு, புகை குளிர்ச்சியா இருக்குங்கறதெல்லாம் ருசிக்கான பேச்சு, உடம்புக்கு அது எந்த பாதுகாப்பும் இல்ல. பேப்பர் ஃபில்டர் ஈரத்தைத் தான் பிடிக்கும், மத்ததுக்கு அதை நம்பாதீங்க. பைப் புகையை நெஞ்சுக்குள்ள இழுக்காட்டியும் நிக்கோட்டின் வாயோட உள்தோல் வழியாவே ரத்தத்துக்குப் போகும், வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல்னு எல்லா இடத்துலயும் புத்துநோய் ஆபத்தைக் கூட்டும். மிசிசிப்பிக்கரை சார், நாக்கு எரியுதுன்னு சொன்னீங்க. புகைக்கிறதை நிறுத்தி சில நாள்ல அது போயிடணும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு எது இருந்தாலும் தள்ளிப் போடாம பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. பைப் எப்பவும் வாயில ஒரே பக்கமா வைக்கிறவங்க அந்தப் பக்க உதட்டையும் கண்ணாடியில பாத்துக்கணும். வீட்டுக்குள்ள குழந்தைங்க இருக்குற இடத்துல தயவு செஞ்சு வேண்டாம்.

மிசிசிப்பிக்கரை:
டாக்டர், சொன்னதுக்கு நன்றி. போன மாசம் தான் பல் செக்கப் முடிஞ்சுது, புண்ணு எதுவும் இல்ல, ஆனாலும் நாக்கு சரியாகுற வரைக்கும் பைப்பைத் தொடமாட்டேன். வாரக்கடைசியில மட்டும், அதுவும் வீட்டுக்கு வெளியில தான் பிடிக்கிறேன், அதுக்கு மேல போகமாட்டேன்.

ராத்திரிஷிஃப்ட்:
நல்லது. திரும்ப ஆரம்பிக்கும்போது செர்ரியை விட்டுட்டு இனிப்பு குறைவான பர்லி வகைப் புகையிலை ஏதாவது போட்டுப் பாருங்க, பிரின்ஸ் ஆல்பர்ட், கார்ட்டர் ஹால் மாதிரி, காப்புக்கு காலங்காலமா ஜோடி அது தான். வெறும் வயித்துல மட்டும் வேண்டாம், தலை சுத்தும்.

மிசிசிப்பிக்கரை:
அப்டேட். சாம்பல் களிம்பு பூசி நல்லா காய விட்டேன், ஃபில்டர் திரும்பப் போட்டாச்சு, நாக்கு முழுசா சரியானதுக்கு அப்புறம் பர்லியை ஒரு மணி நேரம் பரப்பி வச்சு போட்டேன். விறகு வாடை சுத்தமா இல்ல! கடைசி கால்வாசியில லேசா ஈரச்சத்தம், க்ளீனர் ஒரு தடவை விட்டதும் போச்சு. இலையோட அந்த வறுத்த கடலை ருசி இவ்வளவு தெளிவா ப்ரையர்ல எனக்கு வந்ததே இல்ல. ஆனா முதல்ல போட்ட செர்ரி வாசனை இன்னும் மெல்லிசா ஒட்டிக்கிட்டு இருக்கு, அது போகுமா? அடுத்து லடாக்கியா கலவை ஒண்ணு பாக்கலாம்னு இருந்தேன்.

பழையதணல்:
பர்லியையே தொடர்ந்து போட்டா செர்ரி போயிடும், திறந்த ஜன்னல் பக்கம் சில நாள் ஸ்டெம்மைக் கழட்டி வச்சாலும் குறையும். ஆனா லடாக்கியாவை மட்டும் இந்த பைப்புல போட்டுடாதீங்க, அது புகையில வாட்டின இலை, ஒரு தடவை ஏறினா அந்தச் சுவரை விட்டு லேசுல இறங்காது. அமெரிக்க ராணுவ ஜெனரல் மெக்ஆர்தர் 1945 ஆகஸ்ட் 30ல ஜப்பான் அட்சுகி விமானத்தளத்துல இறங்கினப்ப வாயில வச்சிருந்தாரே, அந்த மாதிரி உசரமான பவுல் ஒண்ணு இன்னொண்ணா வாங்கி லடாக்கியாவுக்குன்னே ஒதுக்கிடுங்க. ஒரு நல்ல ப்ரையர் விலையில காப் நாலஞ்சு வாங்கலாம், ஒவ்வொரு வகைக்கும் ஒண்ணு வச்சுக்கிட்டா ருசி கலக்காது. ஸ்டெம்மை எப்பக் கழட்டினாலும் பைப் ஆறினதுக்கு அப்புறம், ஷாங்கை கெட்டியா பிடிச்சுக்கிட்டு திருகிக் கழட்டுங்க, பவுலைப் பிடிச்சு இழுத்தா ஷாங்க் ஆட ஆரம்பிச்சுடும்.